கால் தரையில் பட்டால்தான் குட்டி

ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது யாராவது பின்னாலிருந்து வந்து என் மூக்குக்கு நேரே கைபேசியை நீட்டினால், திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும்: நாய்க்குட்டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் கிழக்குத் தாம்பரத்துக்காரர்களுக்கு நான் இன்னும் நாய் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் தணிகாசலம்தான்.

“அண்ணா, லேபும் ஸ்பிட்ஸும் கிராஸாம். இன்ஸ்டாவுல போட்டிருக்காங்க. நாளைக்கே வீட்டுக்குக் கொண்டாந்து தர்றாங்களாம். எடுக்கலாமா?”

படத்தில் குட்டி ஒரு பிரம்புக் கூடைக்குள் உட்கார்ந்திருக்கும். கழுத்தில் ரிப்பன் கட்டியிருப்பார்கள். நான் கேட்பது ஒரே கேள்விதான்.

“அம்மா எங்கே?”

“அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்கண்ணா. ஏன்?”

“உங்க அம்மா இல்லப்பா. குட்டியோட அம்மா.”

கூடை தெரியும், ரிப்பன் தெரியும், அம்மா யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் இப்போது என் நாற்காலியில் இருக்கும் வசந்திக்கும் இதே தொல்லை. “அண்ணா, குட்டி வாங்கறவங்களுக்கு நீங்க சொல்றதையெல்லாம் ஒரு தடவை எழுதிக் குடுத்துடுங்க. ஜெராக்ஸ் எடுத்து சுவத்துல ஒட்டிடறேன்” என்றாள். சுவரில் ஒட்டுகிற மாதிரி எழுத எனக்கு வராது. பேசத்தான் வரும். பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். ஒட்டுவதானால் பெரிய சுவராகப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் முறையாகப் படித்தவன் இல்லை. பத்தாவது முடித்துவிட்டு என்னென்னவோ செய்து, கடைசியில் தாம்பரம்–வேளச்சேரி சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு பெரியவர், லாரியில் அடிபட்ட தன் நாயை என் வண்டியில் ஏற்றினார். சேலையூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அந்த நாய் பெரியவரைக் கடித்தது. போன பிறகு டாக்டரைக் கடிக்கப் பார்த்தது. என்னை மட்டும் ஏனோ விட்டுவிட்டது. டாக்டரம்மா கட்டுப் போட்டு முடித்து, கை கழுவிக்கொண்டே, “நாளைக்கு வர்றியா?” என்றார். போனேன். இருபத்து மூன்று வருடம் தினமும் போனேன். ஊசி போடும்போது நாயைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. கடி பதினொன்று. படிப்பு அவ்வளவுதான்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தடிக்கும் குறைவான உருவம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை உயரும். “தணிகா, அந்தத் துணிய எடு” என்றால் எல்லாம் நலம். “எடுங்க” என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. “தாங்கள்” என்று ஆரம்பித்தால் நான் சத்தமில்லாமல் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

ஒரு தடவை ஒருவர், கண் சரியாகத் திறக்காத குட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். டாக்டரம்மா எழுந்து நின்று கேட்டார்: “தாங்கள் இந்தக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்த அவசரம் என்னவென்று நான் தெரிந்துகொள்ளலாமா?” வந்தவருக்கு ஒரே சந்தோஷம். வெளியே வந்து என்னிடம், “எவ்ளோ மரியாதையா பேசறாங்க சார் உங்க டாக்டர்!” என்றார். அவரைக் காப்பிக் கடைக்கு அழைத்துப்போய், அவர் வாங்கியது திட்டு என்று நான்தான் விளக்கிச் சொன்னேன்.

குட்டி வாங்கப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் டாக்டரம்மா என்னையும் கூட அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் எனக்கு இப்படித்தான் போயின. நம் ஆட்கள் குட்டி பார்க்கக் கிளம்புவதும் பெண் பார்க்கக் கிளம்புவதும் ஒரே மாதிரி. குடும்பத்தோடு வருவார்கள், பட்டுப் புடவை வரும், மல்லிகைப்பூ வரும், ஒரு மாமா வருவார். அந்த மாமாவுக்கு நாயைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும். ஒரே ஒரு வித்தியாசம்: பெண் பார்க்கச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், குட்டி பார்க்கச் சொல்லாமல் போக வேண்டும். மூன்று மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்குப் போய் நிற்பது என் வழக்கம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் தரை கழுவப்படும், பினாயில் ஊற்றப்படும், பதினைந்து நாய் இருந்த இடம் மூன்று நாய் இருக்கிற வீடாக மாறும்.

போனதும் தாயைக் கேட்பேன். மடி தொங்கியிருக்கிறதா, குட்டிகள் அதைப் பார்த்ததும் ஓடுகின்றனவா, அது வளர்க்கிறவரைப் பார்த்ததும் வாலை ஆட்டுகிறதா, ஒடுக்குகிறதா என்று பார்ப்பேன். இது எத்தனையாவது ஈத்து என்று கேட்பேன். தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர் ஒட்டி, டாக்டர் முத்திரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் அட்டை. தகப்பன் எங்கே என்றும் கேட்பேன். கிராஸ் என்றால் நோயே அண்டாது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. டாக்டரம்மா சொல்வார்: லேபுக்கு இடுப்பில் வரும், ஸ்பிட்ஸுக்கு முட்டியில் வரும், இரண்டையும் சேர்த்தால் இரண்டும் வரலாம், அதனால் இரண்டு பக்கத்தையும் பார். மாடம்பாக்கத்தில் ஒருவர், லேபின் சாதுத்தனமும் ஸ்பிட்ஸின் சின்ன உருவமும் வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கினார். லேபின் பசியும் ஸ்பிட்ஸின் கோபமும் வந்தன. “கம்பவுண்டர், என் மச்சினன் வந்து தங்கின மாதிரியே கீது” என்றார்.

சேலையூரில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னதை நான் எல்லோரிடமும் சொல்வேன். “அம்மா தெரியாத குட்டி, அனுப்புநர் பேர் இல்லாத கவர் மாதிரி தணிகாசலம். உள்ள இன்னா இருக்குன்னு பிரிச்சப்புறம்தான் தெரியும். அப்ப திருப்பி அனுப்ப விலாசம் இருக்காது.”

மேடவாக்கம் பக்கம் ஒரு வீட்டில் நான் தாயைக் கேட்டதும், வளர்க்கிறவர் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து ஒரு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல பிரவுன் நிறம். குட்டிகள் அதைப் பார்த்து நகரவே இல்லை. நான் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்து, “சார், இது ஆண் நாய்” என்றேன்.

அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. “ஆமா சார். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. அதான் அப்பா வந்துகீறாரு.”

இந்தக் கதையை நான் சொல்லாத ஆளில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. என்னை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஏற்கெனவே பிறந்து, கீழ்க்கட்டளையில் ஏசி போட்ட அறை வைத்து உட்கார்ந்திருந்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது இது. சிட்லபாக்கத்தில் ஹேமலதா டீச்சர் என்று ஒருவர். கணக்கு டீச்சர். அவர் தெருவில் நடந்து வந்தால் பெரிய மனிதர்கள்கூட லுங்கியை இறக்கிவிட்டுக்கொள்வார்கள். பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். கூட அவருடைய அக்கா சகுந்தலா, கணவர் போன பிறகு தங்கையோடு வந்துவிட்டவர். டீச்சர் கணக்கில் புலி என்றால் அக்கா பஞ்சாங்கத்தில் புலி. காஸ் சிலிண்டர் பதிவு செய்யக்கூட நேரம் பார்ப்பார்.

“நாய் எதுக்கு டீச்சர், திருட்டு பயமா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்ல கம்பவுண்டர். வீட்ல யாராவது ஓடணும். நாங்க ரெண்டு பேரும் நடக்கறோம், அவ்ளோதான்.”

கீழ்க்கட்டளைக்குப் போனது ஆனி மாதக் கடைசி ஞாயிறு. சொன்ன நேரத்துக்கு முன்னால் போக முடியவில்லை; அக்கா நல்ல நேரம் பார்த்துக் கிளம்பி, போய்ச் சேரும்போது மணி நான்கு. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர். இன் பண்ணிய சட்டையோடு ஒருவர். குட்டி நிஜமாகவே அழகு. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

“தாய் எங்கே சார்?”

“ஸ்கேனுக்குப் போயிருக்கு சார், ஆறு மணிக்கு வந்துரும். தாராளமா வெயிட் பண்ணுங்க.” என்னிடம் சொல்லிவிட்டு, அக்கா பக்கம் திரும்பினார். “ஆனா ஒண்ணும்மா. நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குது. நாளைக்கு ஆடி ஒண்ணு. ஆடியில நீங்க புதுசா எதுவும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டீங்க. ஒரு மாசம் கழிச்சு வந்தா இந்தக் குட்டி இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது.”

அக்காவுக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது. “பாரு ஹேமா, எவ்ளோ விவரம் தெரிஞ்ச பிள்ளை!”

நான் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தேன். ஐம்பது நாள் என்று சொல்லியிருந்தார். பல் முப்பத்தைந்து நாள்தான் என்றது. சொல்ல வாயெடுத்தேன். அக்கா, “தம்பி, மணி நாலு இருபது!” என்றார். நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். நாய் பார்க்கப் போனவன் கடிகாரம் பார்த்தேன். நாலு இருபத்தைந்துக்குக் குட்டி டீச்சர் மடியில் ஆட்டோ ஏறிவிட்டது.

அப்பு என்று பேர் வைத்தார்கள். எட்டாம் நாள் வாந்தி, அப்புறம் இரத்தமாகப் பேதி. பார்வோ, குட்டிகளைக் கொல்கிற கிருமி. டிரிப்ஸ் ஏற்றிப் பார்த்தோம். பதினோராம் நாள் காலையில் போய்விட்டது.

டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: “தாங்கள் தாயைப் பார்த்தீர்களா?”

இருபது வருடத்தில் எனக்கு விழுந்த முதல் “தாங்கள்”. நான் பின்கட்டுக்குப் போகவில்லை. போக எனக்கு அருகதை இல்லை.

டீச்சர் அழவில்லை. குட்டியைச் சுற்றிக் கொண்டுவந்த துண்டை நாலாக மடித்தார். “கணக்கு தப்பாப் போச்சுன்னா எந்த வரியில தப்புன்னு கண்டுபிடிச்சிடுவேன் கம்பவுண்டர். இதுல எந்த வரி?”

“அம்மாவைப் பார்க்காம எடுத்தோமே, அந்த வரி டீச்சர். அது நான் போட்ட வரி.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வீட்டைப் பிளீச்சிங் கரைசல் போட்டுக் கழுவச் சொல்லி, ஐந்து மாதத்துக்கு இன்னொரு குட்டியை உள்ளே விடக் கூடாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கிருமி தரையிலேயே கிடக்கும். ஐந்து மாதம் இல்லை, இனி அவர்கள் எப்போதுமே வர மாட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் டீச்சர் வந்து நின்றார். “இன்னொரு தடவை பார்க்கலாம் கம்பவுண்டர். இதுவும் போச்சுன்னா அதுக்கப்புறம் கேட்க மாட்டேன். என்னால முடியாது. அக்காவாலயும் முடியாது. அக்கா அப்பு படுத்த மூலையில இன்னும் கோலம் போட மாட்டேங்கறா.”

டாக்டரம்மா யோசிக்கவே இல்லை. “தணிகா, செல்வராஜ்கிட்ட கூட்டிட்டுப் போ.”

செல்வராஜுக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரண்டு லேத் வைத்த பட்டறை. ராணி என்று ஒரு லேப்ரடார். ராணிக்குத் தடுப்பூசித் தேதி தப்பியதே இல்லை. ஒரு தடவை பட்டறையில் கரண்ட் போயிருந்தபோது, அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று இரண்டு நாள் முன்னாலேயே கொண்டுவந்து, டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கினார். பக்கத்துப் பட்டறை ஸ்பிட்ஸோடு சேர்ப்பதற்கு முன் ராணியின் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்து, ஸ்பிட்ஸின் முட்டியை டாக்டரம்மாவிடம் காட்டி, இரண்டுக்கும் சரி என்று எழுதி வாங்கிக்கொண்டு போனவர். இதற்கு முன் ஒரே ஒரு ஈத்து. “இத்தோட ஆபரேசன் பண்ணிடலாம் டாக்டர். அதுக்கும் ரெஸ்ட் வாணாமா?” என்று அவராகவே சொல்லியிருந்தார்.

இந்தத் தடவை டீச்சரையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றேன். செல்வராஜ் கிரீஸ் கையோடு கேட்டைத் திறந்தார். “இன்னா தணிகா, மூணு மணின்னு சொல்லிகினு ஒரு மணிக்கே வந்துகீற? திருடன புட்ச்சிடலாம்னு பாத்தியா?”

“ஆமா.”

“வா, பாத்துக்கோ. அங்க கீது ராணி.”

பட்டறையை ஒட்டிய தனி அறையில் சாக்கு விரித்து ராணி படுத்திருந்தது. ஐந்து குட்டிகள், நாலு வாரம். மடி தொங்கி, கண் களைத்து, சாக்ஷாத் தாய். செல்வராஜைப் பார்த்ததும் வால் தரையில் தட்டியது.

டீச்சர் ஒரு நோட்டில் இருபது கேள்வி எழுதி வந்திருந்தார். முதல் கேள்வியை வாசிப்பதற்குள் செல்வராஜ் ஆரம்பித்துவிட்டார்.

“வூட்ல யாரு யாரு கீறீங்க?”

“நானும் அக்காவும்.”

“நீங்க வேலைக்குப் போறீங்களா?”

“டீச்சர்.”

“காலைல போனா?”

“நாலு மணிக்கு வந்துடுவேன்.”

“அதுவரிக்கும் குட்டி யார்கிட்ட இருக்கும்?”

“அக்காகிட்ட.”

செல்வராஜ் அக்காவைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அக்கா ஒரு ஸ்டூலின் மேல் உட்கார்ந்து, இரண்டு காலையும் மேலே தூக்கி, புடவையை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு குட்டி ஸ்டூலின் காலை முகர்ந்துகொண்டிருந்தது.

“இன்னாம்மா, கீழ தண்ணி நிக்குதா?” என்றார் செல்வராஜ்.

“எனக்குக் கொஞ்சம் பயம் தம்பி.”

“செத்துப்போச்சுன்னு தணிகா சொன்னானே, அந்தக் குட்டிய எப்பிடி வெச்சிருந்தீங்க?”

“அது ஹேமா வர்ற வரைக்கும் ஹால்ல இருக்கும். நான் கட்டில் மேல இருப்பேன்.”

டீச்சர் நோட்டை மூடினார். முப்பது வருடம் மற்றவர்களுக்கு மார்க் போட்டவர், ஐந்தே கேள்வியில் தோற்றுப்போய் நின்றார். அக்கா ஸ்டூலில் இருந்தபடியே காரியத்தைப் பார்க்க ஆரம்பித்தார். “அது பழகிடும் தம்பி. மார்கழி பொறக்கறதுக்குள்ள குடுத்துடுங்க. இன்னும் பத்து நாள் இருக்கு.”

“பத்து நாள்ல அஞ்சு வாரக் குட்டிம்மா. எட்டு வாரம் அம்மாகிட்ட இருந்தே ஆவணும். கடிச்சா வலிக்கும்னு அதுக்கு ராணிதான் சொல்லிக் குடுக்கணும். அதோட கூடப்பொறந்ததுங்க சொல்லிக் குடுக்கணும். நீயும் நானும் சொன்னா கேக்காது.”

“எட்டு வாரம்னா மார்கழி நடுவுல வரும். மார்கழியில வாங்கக் கூடாது.”

“மார்கழின்னு குட்டிக்குத் தெரியாதும்மா.”

“எனக்குத் தெரியுமே!”

அக்கா என்னைப் பார்த்தார். “தம்பி, கீழ்க்கட்டளையில கேட்டா உடனே…”

“அக்கா, அந்தப் பக்கம் நான் வர மாட்டேன். எட்டு வாரம் ஆகட்டும்” என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

“சரி, அப்ப தை ஒண்ணாம் தேதி” என்றார் அக்கா.

“தையோ மாசியோ, எத்தினி நாள் வேணா வெச்சிக்கிறேன். ஆனா ஒண்ணு.” செல்வராஜ் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலுக்கு முன்னால் குந்தினார். “உங்க கால் தரையில பட்டாத்தான் குட்டி. வாரா வாரம் வாங்க. உக்காருங்க. அதுங்க வந்து மோந்து பாக்கட்டும். உங்களுக்கு பயம் போவலன்னா நான் குடுக்க மாட்டேன். டாக்டர் வந்து சொன்னாலும் குடுக்க மாட்டேன். பேஜாரு புட்ச்சவன்னு நெனச்சிக்கோங்க.”

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா காலைக் கீழே வைத்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். பம்மல் தாண்டியதும் சொன்னார்: “காசு குடுத்து வாங்கறவங்களுக்கு பரீட்சை வைக்கற ஆளை நான் பார்த்ததே இல்ல.”

“நானும் பார்த்ததில்லக்கா. அதனாலதான் இங்க கூட்டிட்டு வந்தேன்” என்றேன்.

அடுத்த ஞாயிறு அக்கா ஷூ போட்டுக்கொண்டு வந்தார். சாக்ஸும் உண்டு. வாழ்நாளில் முதல் தடவையாம். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோலத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். செல்வராஜ் பார்த்துவிட்டு, “ஷூவ மோந்து அது இன்னா தெரிஞ்சிக்கும்? கம்பெனி பேரா? கழட்டும்மா” என்றார். ஒரு ஷூ கழன்றது. ஒரு கால் இறங்கியது. இரண்டு நிமிடம். ஒரு குட்டி கட்டைவிரலை நக்கியதும் கால் மேலே போய்விட்டது. ஆனால் அலறவில்லை. டீச்சர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் இரண்டு காலும். மூன்றாவது வாரம் அக்கா ஸ்டூலை விட்டுத் தரைக்கே வந்தார். காதில் வெள்ளைத் திட்டு இருந்த பெண்குட்டி ஒன்று வந்து, அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. நாங்கள் கிளம்ப வேண்டும். அக்கா அசையவில்லை.

“ஹேமா, கால் மரத்துப்போச்சு.”

“எடுத்துக்கோயேன்.”

“எடுத்தா முழிச்சுக்கும்.”

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ராணி பக்கத்தில் வந்து படுத்து, தன் மூக்கை அக்காவின் முழங்கால்மேல் வைத்தது. அக்கா ராணியின் தலையைத் தடவினார். “நீ ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பே, இல்ல?” என்று ராணியிடம் கேட்டார். செல்வராஜ் லேத்துப் பக்கம் போய், ஓடாத மெஷினை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

எட்டு வாரம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பாதி தாண்டிவிட்டது. வழக்கம்போல உட்கார்ந்துவிட்டு வரத்தான் போனோம். கிளம்பும் நேரத்தில், திட்டுக்காதுக் குட்டி அக்காவின் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு கேட்வரை இழுபட்டு வந்தது. அக்கா நின்றார்.

“ஹேமா, இதை எடுத்துக்கலாம்.”

“அக்கா, இன்னும் தை பொறக்கலியே?”

“மார்கழியில புதுசா வாங்கத்தான் கூடாது. இது புதுசா என்ன? கார்த்திகையிலிருந்து நம்மளுதுதானே? இங்க விட்டு வெச்சிருந்தோம். இப்ப அழைச்சுட்டுப் போறோம். விட்டு வெச்ச பொருளைத் திருப்பி எடுத்துக்கறதுக்கு எந்தப் பஞ்சாங்கத்துல தடை இருக்கு?”

இருபது வருடம் நாய்க்காரர்கள் சொன்ன சமாதானங்களை நான் கேட்டிருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றும் கேட்டதில்லை.

செல்வராஜ் தடுப்பூசி அட்டையைக் கொடுத்தார். ஸ்டிக்கர், முத்திரை, அடுத்த ஊசித் தேதி எல்லாம் இருந்தது. பட்டறையில் வேலை குறித்துவைக்கிற ஒரு ஜாப் கார்டின் பின்பக்கத்தில், வளர்க்க முடியாமல் போனால் தன்னிடமே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று எழுதி டீச்சரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். “வேற யார்கிட்டயாவது குடுத்தீங்க, வூட்டாண்ட வந்து சண்ட போடுவேன்” என்று அன்பாகச் சொன்னார். ராணி படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டை வெட்டிச் சுருட்டிக் கொடுத்தார், வாசனைக்கு.

அதன்பிறகு தினமும் ஆஸ்பத்திரித் தொலைபேசி அடித்தாலே ஓடிப்போய் எடுப்பேன். டீச்சர் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லையே என்று ரிசீவரை எடுத்து, டயல் டோன் வருகிறதா என்று பார்ப்பேன். நானாகக் கூப்பிடவும் தைரியம் இல்லை. பட்டு என்று பேர் வைத்திருப்பதாகச் செல்வராஜ்தான் சொன்னார். அவர் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த வாரத்தில் ஒரு புதன்கிழமை, மணி நாலேகால். டீச்சரின் குரல். கம்மிப்போய் நடுங்கியது.

“கம்பவுண்டர்…”

இன்னொரு கையால் பேனாவை எடுத்தேன். “வாந்தியா டீச்சர்?”

“இல்ல.”

“பேதியா?”

“இல்ல.”

“சாப்பிடலியா? படுத்தே கிடக்கா?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல. நான் வாசல்ல நிக்கறேன். பை, குடை எல்லாத்தோடயும் நிக்கறேன். என்னை உள்ள விட மாட்டேங்குது.”

“யாரு?”

“பட்டு! அக்கா ஹால்ல தரையில படுத்துத் தூங்கறா. இது அவ பக்கத்துல நின்னுகிட்டு, என்னைப் பார்த்துக் குரைக்குது கம்பவுண்டர். என் வீட்ல, என்னையே! இவ்ளோ நாள் வாயே திறக்கல. இன்னிக்குத்தான் முதல் தடவை.”

அப்போதுதான் எனக்கே கேட்டது. தொலைபேசிக்குள் மெலிசாக, விடாமல், ஒரு சாண் உயரத்துக் கோபம். நல்ல நுரையீரல். ஒரு நோயும் இல்லாத குரல். டீச்சர் நடுவில் ஏதோ சொல்ல வந்து, சிரிப்பு முட்டி நிறுத்திக்கொண்டார்.

அதற்குள் அக்கா விழித்துக்கொண்டது கேட்டது.

“ஹேமா, அங்க நின்னு சத்தம் போடாதே. குழந்தை மிரளுது. பின்பக்கமா வா.”